இன்ஜின் ஜாம் என்றால், எங்கே ஜாம்?

சாவியைத் திருப்புகிறீர்கள். அடியில் எங்கோ ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கு மங்கி மறுபடி எரிகிறது. அவ்வளவுதான், வேறு அசைவே இல்லை. பல வருடங்களாக நின்ற இடத்திலேயே நின்ற பழைய லாரி. பக்கத்தில் நிற்பவர் அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “இன்ஜின் ஜாம். பிரிக்க வேண்டியதுதான்.”

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஜாம்’ என்பது வயிற்றுவலி மாதிரி ஒரு பொதுச்சொல். வலி எங்கே என்று தெரியாமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் சுற்றவில்லை என்பது மட்டும்தான் இப்போதைக்கு நமக்குத் தெரியும். அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரியாது.

கிராங்க் ஒரு கூட்டுக்குடும்பத்தின் நடுவில் இருக்கிறது. மேலே பிஸ்டன்கள். டைமிங் கியர் அல்லது செயின் வழியாக கேம் ஷாஃப்ட், அதன் மேல் வால்வுகள். முன்பக்கம் பெல்ட் போட்ட புல்லிகள்: வாட்டர் பம்ப், டைனமோ, ஃபேன். பின்பக்கம் ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ். டீசல் லாரியாக இருந்தால் கியரில் ஓடும் டீசல் பம்பும், பிரேக்குக்குக் காற்றடிக்கும் ஏர் கம்ப்ரஸரும் சேரும். இதில் யாராவது ஒருவர் முரண்டு பிடித்தாலும் மொத்தமும் நின்றுபோகும். அதனால் கண்டுபிடிக்கும் வழியும் எளிதுதான். சந்தேகப் பட்டியலில் இருப்பவர்களை, கழற்ற எளிதானவரில் தொடங்கி, ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொருவரை விலக்கியதும் கிராங்க் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நன்றாக ஓடி நிறுத்திய பிறகு பிடித்துக்கொண்டதா? ஓட்டத்தில் நின்றது என்றால் சந்தேகம் பேரிங், பிஸ்டன், டைமிங் பக்கம் போகும். சும்மா நின்றதில் பிடித்தது என்றால் துரு, தண்ணீர், ஒட்டிக்கொண்ட வால்வு. பாதி விசாரணை இந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் வண்டியையே கேட்கலாம். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலே இல்லையென்றால் அதுவும் ஒரு வாக்குமூலம்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

நிஜமாகவே ஜாம்தானா?

‘ஜாம்’ என்று பேர் வாங்கிய வண்டிகளில் சில, வெறும் பேட்டரிக் கோளாறு. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அங்கே இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்று செத்திருந்தாலும் போதும், வண்டி படுத்துவிடும்.

நல்ல பேட்டரி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் குறையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. வயர், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு, எர்த் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். வெளிச்சம் அப்படியே அடங்கி ‘டொக்’ என்றால் மோட்டார் இழுக்கப் பார்க்கிறது, எதையோ அசைக்க முடியவில்லை. கெட்டுப்போன டெர்மினலும் இதே நாடகம் ஆடும் என்பதால் கேபிள் முனைகளைச் சுரண்டி இறுக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அந்த ஒரு முறையும் இரண்டு வினாடிக்கு மேல் வேண்டாம். அசையாத மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும், கேபிள் சுட்டுவிடும்.

இதற்கப்புறம் சாவிக்கு வேலை இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

வெளியாட்களை விலக்குவது

பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப்போன வாட்டர் பம்ப் பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். பெல்ட் என்றால் எப்போதும் வழுக்கிவிடும் என்று நம்ப முடியாது. பல வருடம் ஒரே இடத்தில் இருந்த ரப்பர் புல்லியோடு ஒட்டிப்போயும் இருக்கும்.

அடுத்தது செல்ஃப் மோட்டார். இதில் எனக்கு ஒரு சொந்த அவமானம் உண்டு. ஒரு பழைய பெட்ரோல் லாரி இன்ஜினுக்குப் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, தினம் ஒரு முறை போய்ப் பார்த்து, இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒரு பக்கம் விரல் அகலம் அசையும், அப்புறம் நின்றுவிடும். கடைசியில் வேறெதற்கோ செல்ஃப் மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தியபோது உள்ளே ‘க்ளிக்’ என்றது. மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன், ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் பல் வளையமான ரிங் கியரில் ஏறி, திரும்ப வராமல் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டாரை இறக்கியதும் இன்ஜின் சுற்றியது. பத்து நிமிட வேலை. அதிலிருந்து எந்த வண்டியானாலும் எண்ணெயைத் தொடும் முன் நான் செல்ஃப் மோட்டாரை இறக்கிவிடுகிறேன். அது இல்லாத ஓட்டை வழியாக ரிங் கியரைப் பார்க்கவும் முடியும், கடப்பாரை கொடுத்து நெம்பவும் முடியும். இரட்டை லாபம்.

பின்பக்கம் கியர்பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லீவர் நியூட்ரலில் இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே கியர் விழுந்திருக்கலாம். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஒரு முறையும் மிதிக்காமல் ஒரு முறையும் கிராங்கைச் சுற்ற முயன்று பாருங்கள். ஈரத்தில் நின்ற வண்டிகளில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். அதனால் மட்டும் இன்ஜின் நிற்காது, கியரும் விழுந்திருந்தால்தான் நிற்கும்.

டீசல் வண்டியில் பம்பை மறக்க வேண்டாம். வரிசை பம்பின் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சர்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியவை. தண்ணீர் கலந்த டீசலோடு வருடக்கணக்கில் நின்றால் அவையும் துருப்பிடிக்கும். கப்ளிங் வைத்த பம்பாக இருந்தால் அடையாளம் போட்டுக்கொண்டு கப்ளிங்கைப் பிரித்துவிடலாம். அடையாளம் போடாமல் பிரித்தால் பிற்பாடு பம்ப் டைமிங்குக்காக ஒரு நாள் போகும்.

கை சொல்லும் சேதி

இப்போதுதான் அசல் சோதனை. கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு, நீண்ட கைப்பிடி கொடுத்து, இன்ஜின் ஓடும் திசையில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் போகும் திசையில்தான் சுற்றும். எதிர்ப்பக்கம் தள்ளும்போது கவனம், அந்த போல்ட்டே கழன்று வரும்.

எவ்வளவு பலம் கொடுக்கலாம்? ஒரு மீட்டர் பைப்பை மாட்டி அதன் நுனியில் 40 கிலோ எடையைச் சாய்த்தால் ஏறக்குறைய 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கிறது. அந்த போல்ட் புல்லியைப் பிடித்து வைக்கத்தான் அங்கே இருக்கிறது. சில இன்ஜின்களில் இந்த முறுக்குக்கே அது முறிந்துவிடலாம். தலை முறிந்து உடல் கிராங்கின் உள்ளே நின்றுபோனால், ஒரு நோயோடு வந்தவருக்கு இரண்டு நோய். கூடுதல் பலம் வேண்டுமென்றால் போல்ட்டை விட்டுவிட்டு ரிங் கியர் பக்கம் போங்கள். பெரிய வட்டத்தின் விளிம்பில் நெம்புவதால் சின்னத் தள்ளலே பெரிய முறுக்காகும்.

தள்ளும்போது கையில் என்ன உணர்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மயிரிழைகூட அசையாமல் பாறை போல நின்றால் துரு அல்லது உருகி ஒட்டிய பேரிங். கால் சுற்று அரைச் சுற்று தாராளமாக வந்து சுவரில் முட்டியது போல நின்று, எதிர்ப்பக்கம் திருப்பினால் மறுபடி தாராளமாக வந்தால், உள்ளே பிஸ்டனை ஏதோ மறிக்கிறது. தண்ணீராக இருக்கலாம், விழுந்த வால்வாக இருக்கலாம், கார்ப்பரேட்டர் வழியாக உள்ளே போன ஒரு நட்டாகவும் இருக்கலாம். இரும்பில் இரும்பு பட்டால் ‘டங்’ என்ற சத்தம் பைப் வழியாகக் கைக்கு வரும், தண்ணீரானால் சத்தமில்லாமல் நிற்கும். சுற்று முழுக்க மாவரைப்பது போலக் கனமாக இழுத்தால் பேரிங் அல்லது உரசிய பிஸ்டன். தள்ளினால் கொஞ்சம் கொடுத்து, விட்டால் ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் பெரும்பாலும் பிடித்திருப்பது இன்ஜினுக்கு வெளியே, கியர்பாக்ஸ் பக்கம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நல்ல டீசல் இன்ஜினை, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றாமல் சுற்றினால், பிஸ்டன் காற்றை அழுத்தும் இடத்தில், அதாவது கம்ப்ரஷன் வரும் இடத்தில், அதுவும் நின்றுவிடும். ஜாம் என்று பயந்துபோவோம். அழுத்தத்தை விடாமல் சில வினாடி பிடித்துக்கொண்டே நில்லுங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஓரமாகக் காற்று ‘ஸ்ஸ்’ என்று கசிந்து கை மெல்ல இறங்கினால், அது ஜாம் இல்லை, ஆரோக்கியம். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் பெட்ரோல் இன்ஜினில் எல்லா பிளக்கையும், டீசலில் நாசில்களையும் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதைக் கழற்றினாலே போதும், நாசிலோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. கழற்றியதை வரிசையாக வையுங்கள். எந்த சிலிண்டரின் பிளக்கில் துரு, எதில் ஈரம் என்பது சாட்சியம். துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டால் சாட்சி போயிற்று.

நாலு கரண்டி தண்ணீர்

தண்ணீர் இன்ஜினைப் பூட்டும் என்றால் பலர் குடம் கணக்கில் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 17-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சமிருக்கும் இடம் 1000-ஐ 16-ஆல் வகுத்தால் கிடைக்கும், அதாவது 62 மில்லிலிட்டர் சொச்சம். நாலு மேசைக்கரண்டி. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அந்த நாலு கரண்டிக்கு மேல் உள்ளே இருந்தால் இரண்டு வால்வும் மூடிய நேரத்தில் பிஸ்டனால் உச்சியைத் தொட முடியாது. பெட்ரோல் இன்ஜினில் விகிதம் குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

தண்ணீர் எப்படிப் போகிறது? சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வானத்தைப் பார்த்து நிற்கும் சைலன்சர் குழாய்க்கு மூடி இல்லாவிட்டால் மழையே போதும். அது குழாய் வழியாக இறங்கி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஒரு சிலிண்டரைத் தேடிப் போகும். தண்ணீர்தான் என்றும் இல்லை. கார்ப்பரேட்டர் ஃப்ளோட் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல், ஒழுகும் நாசில் என்றால் டீசல்.

பிளக்கோ நாசிலோ கழற்றிய ஓட்டையோடு இன்ஜினைச் சுற்றினால் அது பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். அந்த நேரத்தில் ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்து எட்டிப் பார்க்கிற ஆர்வம் வேண்டாம். வந்தது பெட்ரோல் என்றால் பக்கத்தில் நெருப்பும் கூடாது. இப்படி விடுபட்ட இன்ஜின் அதிர்ஷ்டசாலி. ஆனால் பூட்டியிருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்திருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று ஒரு கம்பியை விட்டு அளந்தால் வளைந்தது குள்ளமாகத் தெரியும்.

துருவின் பொறுமை

நெடுநாள் நின்ற வண்டிகளில் முதல் குற்றவாளி துருதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். ஈரக்காற்று அந்தக் கதவு வழியாகத்தான் போகும். அதனால் ஆறு சிலிண்டரில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் பிடித்திருக்கும், மற்றவை எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஆறு பேரும் ஜெயிலில்.

பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம். ரிங்கும் இரும்பு, லைனரும் இரும்பு. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த முடி அளவு சந்து அடைபட எத்தனை துரு வேண்டும்! பிளக் ஓட்டை வழியாகச் சின்ன டார்ச்சோ குழாய்க் கேமராவோ விட்டுப் பாருங்கள். சுவரில் மெல்லிய பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் பொருக்குத் தட்டி, தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடும் தெரிந்தால் வேலை நீளும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் சிலிண்டரில் சுவரே தெரியாது, அதை நம்பவும் முடியாது, சந்தேகப்படவும் முடியாது.

ஊறவைப்பதுதான் வைத்தியம். துருவில் ஊடுருவும் எண்ணெய் ஏதாவது ஒன்று. தானியங்கி கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுவது மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிஸ்டன் தலை முழுக்க நனைந்து விளிம்பைச் சுற்றி நிற்கும் அளவு போதும். மறுநாள் ஒரு கம்பியை விட்டு மட்டம் பாருங்கள். இறங்கியிருந்தால் அந்த ரிங்குகளைத் தாண்டி வழி கிடைத்திருக்கிறது. இறங்காமல் நின்றால் துரு அடைத்திருக்கலாம், ரிங் நன்றாக இருப்பதாலும் இருக்கலாம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சில நாள் விட்டு இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். முதல் அசைவு கண்ணுக்கே தெரியாது, புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால்தான் தெரியும். அசைந்ததும் குஷியில் முழுச் சுற்றுக்குப் போகாதீர்கள். மேலே இருக்கும் துருப் பொருக்கில் ரிங் ஏறி உடையும். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மறுபடி எண்ணெய்.

லாரியைக் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்தால் விட்டுவிடும் என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். விடும்தான். விடுவது ரிங்கா, ராடா, டைமிங் கியரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இருக்காது.

ஓட்டத்தில் நின்றது என்றால்

இது கசப்பான வகை. கொதித்து நின்றதென்றால் பிஸ்டனைப் பாருங்கள். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். லைனர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்து இறுகிவிடும். ஆறியதும் தானாகவே விடுபட்டு, ஒன்றுமே நடக்காதது போலச் சுற்றும் இன்ஜின்களும் உண்டு. லைனரில் நீளவாக்கில் விழுந்த கீறல்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆயில் இல்லாமல் நின்றதென்றால் பேரிங். ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் ஷெல்லின் மேல் பூச்சு போய் உள்ளடுக்கு வரை தேய்ந்திருக்கிறது. காந்தத்தை விட்டால் ஒட்டுவது இரும்பு, ஒட்டாமல் மினுங்குவது பேரிங் உலோகம் அல்லது அலுமினியம். ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளை விரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதன்பின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராட் கேப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் கிராங்கை அசைத்துப் பாருங்கள். எதைத் தளர்த்தியதும் அசைகிறதோ அந்த சிலிண்டர்தான். கேப்களில் எண் இருக்கும், இல்லையென்றால் நீங்கள் போடுங்கள், மாறிப்போகக் கூடாது. கிராங்கில் பேரிங் உட்காரும் இடமான ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தால் கிராங்கை இறக்கி லேத்துக்கு அனுப்பும் வேலை. பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து ராட் எட்டிப் பார்த்தால், விசாரணையே தேவையில்லை.

சரி, எதுவோ ஒன்று விட்டது, இன்ஜின் சுற்றுகிறது. உடனே ஸ்டார்ட் செய்யக் கை பரபரக்கும். அதற்கு முன் வால்வ் கவரைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே, ஒருவர் கையால் சுற்ற இன்னொருவர் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் பார்க்க வேண்டும். எல்லா வால்வும் இறங்கி ஏற வேண்டும். இறங்கியது மேலே வராமல் நின்றால் ஸ்டெம்மில் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் ராக்கரைத் தள்ளும் புஷ் ராட் வளையலாம். ஊறவைத்த எண்ணெய் எல்லாம் சம்ப்பில்தான் இறங்கியிருக்கும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு முழு வட்டம் என்பது கிராங்குக்கு இரண்டு சுற்று, 720 டிகிரி. புல்லியில் போட்ட அந்தச் சாக்பீஸ் கோடு எங்கும் தட்டாமல், முட்டாமல் இரண்டு முறை உச்சிக்கு வந்து போகட்டும். அப்புறம் செல்ஃப் மோட்டாரை மாட்டலாம்.